மூன்றாவது பூட்டுக்கு ஒரு கையெழுத்து

மார்ச் 3

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் அண்ணிக்கு மட்டும் மூட்டுவலி. வலியைவிட அதைப் பற்றிய பேச்சு அதிகம். மாப்பிள்ளைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? போனில் கேட்கலாம் என்றால் உனக்குக் காது மந்தம், எனக்குப் பொறுமை மந்தம். அதனால்தான் கடிதம்.

ஊரே சிரிக்கும் ஒரு சேதி. பூட்டுத் தொழிலாளர் சங்கத்தின் இரும்புப் பெட்டியைத் திறக்க முடியவில்லை! அந்தப் பெட்டிக்கு மூன்று பூட்டு என்று உனக்குத் தெரியும். சங்கம் தொடங்கியபோது மூன்று பேர் ஆளுக்கொன்று செய்தார்கள். மூன்றாவது அப்பா செய்தது. அதன் சாவி பொருளாளரிடம் இருந்தது. அவர் வீடு மாறும்போது பழைய அலமாரியை விற்றார், இழுப்பறையில் இருந்த சாவியும் அதோடு போய்விட்டது. நாற்பது பூட்டுக்காரர்கள் பெட்டியைச் சுற்றி நின்று கையைப் பிசைகிறோம்.

முயன்றால் திறந்துவிடலாம். ஆனால் விதி இருக்கிறதே. ஓர் உறுப்பினர் செய்த பூட்டை இன்னொருவர் தொட வேண்டுமானால் செய்தவரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். அவர் இல்லையென்றால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். இதை மீறினான் என்று போன வருஷம் நெட்டையனை மூன்று மாதம் ஒதுக்கி வைத்தவன் நான். தலைவனான நானே மீறினால் காறித் துப்புவான்.

சங்கத்தின் பழைய பதிவேடு பெட்டிக்குள் இருக்கிறது. ஆகஸ்ட் முடிவதற்குள் அதன் அசலைப் பதிவு அலுவலகத்தில் காட்டினால்தான் சங்கத்தின் பதிவைப் புதுப்பிப்பார்களாம். பதிவு இல்லையென்றால் எங்களுக்கு அடையாள அட்டை கிடையாது. அட்டை இல்லாமல் அடுத்தவர் வீட்டுக் கதவில் கை வைக்க முடியாது.

படிவம் இணைத்திருக்கிறேன். 'செய்தவரின் வாரிசு' என்ற இடத்தில் நான் போட்டுவிட்டேன். எனக்குக் கீழே நீ போட்டு அனுப்பு.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

உன் அண்ணன்

மார்ச் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அவர் இப்போது நன்றாகப் பார்க்கிறார். நான் அரிசியில் கல் விடுகிறேன் என்பதுகூடத் தெரிகிறதாம். ஆபரேஷனுக்கு முன்பு நிம்மதியாக இருந்தேன். அண்ணியின் மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், நீங்களே கொடுங்கள்.

பெட்டிக் கதையைப் படித்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்க அண்ணன் வீட்டுப் பூட்டையாவது அவரால திறக்க முடியுமா?" என்று கேட்கிறார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. எங்கள் தெருவில் கதவு மாட்டிக்கொண்டால் இன்றைக்கும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்பதை ஞாபகப்படுத்தினேன்.

உங்கள் எழுத்தைப் பார்த்ததும் கடை வாசனை வந்துவிட்டது. எண்ணெய், இரும்புத்தூள், அப்பாவின் சட்டை. சாயந்திரம் வீட்டுக்குள் விடுவதற்கு முன் அம்மா நம் தலையில் காந்தத்தை வைத்துத் தேய்ப்பாளே. தூள் ஒட்டிக்கொண்டு வரும். உங்கள் தலையில் எப்போதும் குறைவாகத்தான் வரும்.

படிவத்தைக் காலண்டருக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். ஒன்று கேட்கிறேன். 'செய்தவரின் வாரிசு' என்ற அந்த வரியை மாற்ற முடியுமா? பூட்டைத் திறந்த பிறகு அதை என்ன செய்வதாக உத்தேசம்?

அன்புடன்,
தங்கை

மார்ச் 30

அன்புத் தங்கைக்கு,

உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பதில் சந்தோஷம். ஒத்தடம் கொடுத்தேன். சூடு போதவில்லை என்று திட்டு வாங்கினேன்.

வரியை எப்படி மாற்றுவது? ஆரம்பத்திலிருந்து அச்சடித்து வைத்த படிவம். அதில் என்ன குறை கண்டாய்?

பூட்டைப் பற்றி உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். சங்க அறைக்கு வெள்ளையடித்துவிட்டோம். மாடிப்படி ஏறியதும் எதிரே ஒரு கண்ணாடிப் பெட்டி வைக்கிறோம். அதில் அப்பாவின் பூட்டு, பக்கத்துத் தகட்டைக் கழற்றி, உள்ளே சாவி தூக்கிவிடும் ஏழு லீவரும் தெரியும்படி. கீழே அப்பாவின் பெயரும் படமும். புதிதாகச் சேருபவர்கள் முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். அந்தக் காலத்தில் மெஷின் இல்லாமல் அரத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஏழு லீவர்! இன்றைக்கும் கூட்டத்தில் என்னை "ஏழு லீவர் வீட்டுப் பையன்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஐம்பத்தேழு வயதில் பையன். அந்தப் பெயரில்தான் மூன்று தடவை தலைவரானேன், மறைப்பானேன்?

நம் கடையை இன்னமும் நினைத்துக்கொள்கிறேன். ஒரே முக்காலியில் நாம் இருவரும் பாதிப் பாதி உட்கார்ந்து, கண்ணைக் கட்டிக்கொண்டு சாவியைத் தடவி யார் வீட்டுச் சாவி என்று சொல்வோமே. நீ எத்தனை தடவை ஜெயித்தாய் என்று நான் எண்ணவில்லை.

சீக்கிரம் கையெழுத்துப் போடு.

உன் அண்ணன்

ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான் ஏதோ போல் இருக்கிறது. அதனால் நேராகவே எழுதிவிடுகிறேன்.

அந்தப் பூட்டை அப்பா செய்யவில்லை. நான் செய்தேன்.

உங்களுக்கு இது தெரியாது. லீவர் வேலை சரியாக வரவில்லை என்று அப்பாவோடு கோபித்துக்கொண்டு நீங்கள் சிநேகிதன் பட்டறையில் போய் இருந்த நாட்கள் அவை. அதற்கு முந்தின மாதம் வந்த காய்ச்சலுக்குப் பிறகு அப்பாவின் வலது கை நடுங்க ஆரம்பித்திருந்தது. காப்பித் தம்ளரையே இரண்டு கையால் பிடிப்பார். சங்கத்தில் சேர வேண்டுமானால் சொந்தக் கையால் பூட்டுச் செய்து காட்ட வேண்டும். அப்பாவுக்கு விழுந்தது பெட்டியின் மூன்றாவது பூட்டு. அவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீ பண்றியாம்மா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். பதினோரு நாளில் முடித்தேன். எனக்கு வயது பத்தொன்பது. பெண்பிள்ளைக்குச் சங்கத்தில் இடம் கிடையாது, அதனால் அப்பாவின் பூட்டாகப் போயிற்று.

முப்பத்து நாலு வருஷம் வாயைத் திறக்கவில்லை. இனியும் திறந்திருக்க மாட்டேன். ஆனால் என் கைப்பட 'செய்தவரின் வாரிசு' என்ற இடத்தில் எப்படிக் கையெழுத்துப் போடுவேன், அண்ணா? நான் யாருக்கு வாரிசு? கண்ணாடிப் பெட்டியை வையுங்கள், அப்பா படத்தையும் வையுங்கள். செய்தவர் என்ற இடத்தில் மட்டும் என் பெயரை எழுதுங்கள். அன்றைக்கே சம்மதம் அனுப்புகிறேன்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கை

மே 20

அன்புத் தங்கைக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். எனக்கு ஜலதோஷம், பிறகு உன் அண்ணிக்கு, பிறகு மறுபடியும் எனக்கு. மாப்பிள்ளை சௌக்கியம்தானே?

இங்கே ஒரே அலைச்சல். ஊர் முழுக்கத் தூணுக்குத் தூண் போன் நம்பர் ஒட்டியிருக்கிறார்கள், 'பத்து நிமிடத்தில் திறப்போம்' என்று. வருகிறவன் சாவித்துவாரத்தைக்கூடப் பார்ப்பதில்லை. டிரில்லை எடுத்து நேரே பூட்டின் வயிற்றில் பாய்ச்சுகிறான். பிறகு புதுப்பூட்டும் அவனே விற்கிறான். இதைக் கண்டித்து நோட்டீஸ் போட்டோம். அச்சுப்பிழை வந்து திரும்பப் போட்டோம். வீட்டுக்காரர்தானா என்று பார்க்காமல் கதவைத் திறக்கக் கூடாது என்று புதியவர்களுக்கு ஒரு வகுப்பு எடுத்தேன். பாதிப் பேர் தூங்கினார்கள். சங்க அறை மின்விசிறி சத்தம் போடுகிறது, மாற்ற வேண்டும்.

வெயில் அதிகம். தண்ணீர் நிறையக் குடி.

உன் அண்ணன்

மே 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

தண்ணீர் குடிக்கிறேன்.

ஜலதோஷம் எழுதினீர்கள், நோட்டீஸ் எழுதினீர்கள், மின்விசிறியைக்கூட விடவில்லை. ஐந்து வாரம் கழித்து வந்த கடிதத்தில் நான் கேட்டதற்கு ஒரு வரி இல்லை. இரண்டு தடவை உறையைக் கவிழ்த்துப் பார்த்தேன், உள்ளே வேறு காகிதம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று.

நம்பவில்லை என்றால் நம்பவில்லை என்று எழுதுங்கள். கோபம் என்றால் திட்டுங்கள். என்னால் தாங்க முடியாதது இந்த நல்லபிள்ளைத்தனம்தான்.

மற்றபடி இங்கு எல்லோரும் சுகம்.

தங்கை

ஜூன் 25

அன்புத் தங்கைக்கு,

உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் பிரார்த்திக்கிறேன்.

கோபம் இல்லை. எனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நானோ அப்போது வீட்டில் இல்லை. எனக்கு எப்படித் தெரியும்? பன்னிரண்டு பேர் சேர்ந்து ஆரம்பித்த சங்கம், அதில் இன்று ஒருவரும் உயிரோடு இல்லை. சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவது? அப்பா ஊரை ஏமாற்றினார் என்று நாலு பேர் பேசினால் அவர் எழுந்து வந்து பதில் சொல்வாரா?

இதற்கிடையே ஒரு கஷ்டம். நம் ஆமையண்ணனை ஞாபகம் இருக்கிறதா, ஒரு சாவிக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வாரே, அவர்தான். ஒரு வீட்டுக் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது யாரோ திருடன் என்று தகவல் கொடுத்துவிட்டார்கள். அடையாள அட்டை காலாவதி ஆகியிருந்தது, பதிவைப் புதுப்பிக்காமல் புது அட்டை தர மாட்டார்கள். மத்தியானம் முழுக்கக் காவல் நிலையத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். அறுபத்தெட்டு வயது. நான் போய் அழைத்து வந்தேன். வீட்டு வாசலில், "எனக்கு இது தேவைதானாப்பா?" என்றார்.

நாள் போய்க்கொண்டே இருக்கிறது. உன் இஷ்டம்.

அண்ணன்

ஜூலை 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆமையண்ணன் செய்தி படித்துச் சாப்பாடு இறங்கவில்லை. சின்ன வயதில் என் பொம்மைப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுக் கொடுத்தவர் அவர். அதற்கும் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். அவர் இப்போது எப்படி இருக்கிறார்?

கையெழுத்துப் போட்டு இணைத்திருக்கிறேன். வாரிசு என்றே போட்டிருக்கிறேன். உங்கள் மாப்பிள்ளை, "வேண்டாம், பின்னாடி வருத்தப்படுவே" என்றார். நாற்பது குடும்பங்களின் பிழைப்பை நிறுத்திவைத்து எனக்கு ஒரு பெயர் வேண்டாம். கண்ணாடிப் பெட்டியில் அப்பா பெயரே இருக்கட்டும்.

திறப்பவருக்கு ஒன்று சொல்லுங்கள். நேராக முயன்றால் எந்தச் சாவியும் சிக்கும். முதலில் அரைச்சுற்று எதிர்ப்பக்கம். அப்பாதான் அப்படி வைத்தார் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

எழுதும்போது கை வலிக்கிறது. இத்துடன் நிறுத்துகிறேன்.

தங்கை

ஜூலை 27

அருமைத் தங்கைக்கு,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் நீ நன்றாக இருக்கிறாயா?

உன் படிவம் மூன்று வாரம் என் சட்டைப்பையில் இருந்தது. நேற்றுக் கூட்டம். முப்பத்தெட்டு பேர் வந்திருந்தார்கள். நெட்டையன் எழுந்து, "கையெழுத்து வந்தாச்சுன்னு சொன்னீங்களே, படிச்சுக் காட்டுங்க" என்றான். எடுத்தேன். உன் கையெழுத்தைப் பார்த்தேன். படிக்க முடியவில்லை.

"இது எங்கப்பா செஞ்ச பூட்டு இல்ல. என் தங்கச்சி செஞ்சது. எனக்கு முதல்லேருந்தே தெரியும்" என்று சொல்லிவிட்டேன். இரண்டு கையெழுத்தையும் அடித்துவிட்டேன்.

ஆமாம், எனக்குத் தெரியும். அப்பா முதலில் என்னிடம்தான் அந்த லீவர்களைக் கொடுத்தார். ஏழில் நாலைக் கெடுத்தேன். அந்த அவமானத்தில்தான் வீட்டைவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது பூட்டு மேஜையில் இருந்தது, தகடு இன்னும் மூடவில்லை. எடுத்துப் பார்த்தேன். அரத்தின் தடம் எல்லாம் இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. நம் வீட்டில் இடதுகைக்காரி நீ ஒருத்திதான். பொறாமையில் அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. தலைவலி என்று சொன்னேன். அப்புறம் அந்தப் பூட்டின் பெயரைச் சொல்லியே வளர்ந்தேன். நான் அங்கே இல்லை என்று போன கடிதத்தில் எழுதியது பச்சைக் கோழைத்தனம்.

தலைவர் பதவியிலிருந்து விலகுவதாகவும் சொன்னேன். ஆமையண்ணன்தான், "அதெல்லாம் அப்புறம் பாக்கலாம். விதிப்படி செஞ்சவங்க சம்மதம் வேணும். செஞ்சவங்க இருக்காங்கல்ல, கேளுங்க" என்றார்.

கேட்கிறேன். உன் பூட்டைத் திறக்கச் சம்மதமா?

உன் அண்ணன்

ஆகஸ்ட் 4

அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் கடிதத்தை ஒரே நாளில் நாலு தடவை படித்தேன். முதல் தடவை அழுதேன், இரண்டாவது தடவை கோபம் வந்தது, மூன்றாவதில் சிரித்தேன். நாலாவது தடவை அவர் வாங்கிப் படித்துவிட்டு, "உங்க குடும்பத்துல யாருமே வாயைத் திறக்க மாட்டீங்களா?" என்றார்.

நீங்கள் பொறாமைப்பட்டீர்கள் என்பது எனக்கு எவ்வளவு பெரிய சர்டிபிகேட் தெரியுமா? அன்றைக்கே சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அதை மன்னிக்கக் கொஞ்ச நாள் ஆகும். மன்னித்துவிடுவேன், பயப்படாதீர்கள்.

சம்மதக் கடிதம் இணைத்திருக்கிறேன், செய்தவள் என்று எழுதி. கூடவே நானே அராவிச் செய்த புதுச் சாவியும். யாரும் என் பூட்டைக் கம்பி விட்டுக் குடைய வேண்டாம். தையல் மெஷின் இழுப்பறையில் என் அரங்கள் இருந்தன, சைக்கிள் கடைக்காரர் இரும்பை இறுக்கிப் பிடிக்க வைஸ் கொடுத்தார். பல்லின் அளவு எப்படி ஞாபகம் வந்தது என்று கேட்பீர்கள். அன்றைக்கு ஏழு பல்லின் ஆழத்துக்கும் யாரும் ஊகிக்க முடியாத ஏழு எண் தேவைப்பட்டது. என் கடைசிப் பரீட்சையில் ஏழு பாட மார்க்கின் கடைசி இலக்கங்களை வைத்தேன். என் மார்க்கை வீட்டில் யாரும் ஞாபகம் வைத்துக்கொண்டதில்லை.

அரைச்சுற்று எதிர்ப்பக்கம், மறக்காதீர்கள்.

தங்கை

ஆகஸ்ட் 16

அருமைத் தங்கைக்கு,

எல்லோரும் சௌக்கியம். உன் அண்ணி மூட்டுவலியோடு மாடிப்படி ஏறி வந்துவிட்டாள், இதைப் பார்க்க.

அவசரத்தில் நேராகத் திருப்பிவிட்டேன். சிக்கியது. நெட்டையன், "தலைவரே, எதிர்ப்பக்கம்!" என்று கத்தினான். அரைச்சுற்றுப் பின்னால், பிறகு முன்னால். எண்ணெய்கூட விடவில்லை. வெண்ணெய் மாதிரி திறந்தது. அறை முழுக்கக் கைதட்டல். நீ கேட்டிருக்க வேண்டும், மந்தக் காதுக்கே விழுந்திருக்கும்.

பதிவேடு பத்திரமாக இருக்கிறது. அதில் ஒரு பக்கத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். மூன்று பூட்டுகளுக்கும் கட்டம் போட்டிருக்கிறது: பூட்டு, செய்தவர், ஒப்படைத்தவர் கையெழுத்து. முதல் இரண்டு பூட்டுக்கும் செய்தவர் பெயர் இருக்கிறது. மூன்றாவதற்கு நேரே ஒப்படைத்தவர் கட்டத்தில் அப்பாவின் கையெழுத்து, நடுங்கிப்போய். செய்தவர் கட்டம் காலி. அப்பா அதில் தன் பெயரை எழுதவில்லை. ஒன்றுமே எழுதவில்லை. அந்தக் காலி இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் கீழே சங்கம் ஆரம்பித்த பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை போலிருக்கிறது. அல்லது கேட்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

யாராவது எழுதி நிரப்பலாமா என்று பேச்சு வந்தது. கூடாது, செய்தவர்தான் எழுத வேண்டும் என்று முடிவாயிற்று. இன்றைய தேதி போட்டு எழுதினால் ஆட்சேபணை இல்லை என்று அலுவலகத்தில் கேட்டு வைத்துவிட்டேன். உன்னை உறுப்பினராகச் சேர்ப்பதற்கும் தீர்மானம் போட்டார்கள். சோதனைப் பூட்டு வேண்டுமே என்று ஒருவர் இழுத்தார். மற்றவர்கள் அவரைப் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டார். என் ராஜினாமாவைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் மறுபடி கேட்கவில்லை. நான் அவ்வளவு உத்தமன் இல்லை.

பதிவேடு அறையைவிட்டு வெளியே போகக் கூடாது, அலுவலகத்துக்கு மட்டும்தான் போகும். முப்பதாம் தேதி அங்கே கொண்டுபோக வேண்டும். அதற்கு முன் நீ வா.

உன் அண்ணன்

ஆகஸ்ட் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருவரும் நலம். அவரும் கூட வருகிறார்.

அந்தக் காலிக் கட்டத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்கு அப்பா மேல் கோபம். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக. நீங்கள் எல்லோரும் கைதட்டியிருப்பீர்கள், அவர் பொய் எழுதவில்லை என்று. எழுதவில்லைதான். ஆனால் பேனா கையில் இருந்திருக்கிறது, இடமும் இருந்திருக்கிறது. என் பெயர் எத்தனை எழுத்து? நடுங்கும் கையாலேயே எழுதியிருக்கலாம். அவர் பெயர் கெடக் கூடாது என்று பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் நான் காத்தேன். எனக்காக அவரால் முடிந்தது அந்த ஒரு கட்டத்தைக் காலியாக விடுவது மட்டும்தானா? நேற்று முழுக்க அவரோடு மனசுக்குள் சண்டை போட்டேன். சண்டை போட்டபடியே அவரை நினைத்து அழுதேன். எவ்வளவு பயந்திருப்பார்!

இருபத்தேழாம் தேதி காலை வண்டியில் வந்து சேருகிறோம். நீங்கள் ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், சங்க அறையிலேயே இருங்கள். குளிக்கிறதும் சாப்பிடுகிறதும் அப்புறம். அதுவரை அந்தக் கட்டத்தில் யாரும் ஒரு புள்ளிகூட வைக்க வேண்டாம். என் பெயரை நானே எழுதுகிறேன்.

தங்கை